பதினோராம் பக்கம்

"முள்ளு கெடக்குதுன்னு தெரிஞ்சும் சொல்லாம போனா பாவமா, பெரியம்மா?" என்று என் தங்கை மகள் ஓவியா ஒருமுறை கேட்டாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அடி அண்ணாமலை தாண்டிக் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தோம். பாவம்தான் என்றேன். அன்றிலிருந்து, வெறுங்காலோடு வருகிறவர்களுக்காக வழியில் கிடக்கும் முள்ளைப் பொறுக்கி ஓரமாகப் போடுவது என் வழக்கம். நான் செய்ததையும் இதோடு சேர்த்துத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

வேங்கிக்காலில் எங்கள் தெருவில் ஆறு வீடுகள் சேர்ந்து புத்தகம் வாங்குவோம். ஒரே பிரதி வீடு வீடாகச் சுற்றும். படித்தவர் அடுத்த வீட்டு மணியை அடித்துக் கொடுப்பார். ஒரு டீ, கொஞ்சம் பேச்சு. இந்த முறை வந்தது, ஊரே புகழ்ந்த ஒரு மனோதத்துவ மர்ம நாவல். மூன்று நாள் தூக்கம் வராது என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். எனக்கு மூன்று நாளும் ஒன்பதரைக்கே தூக்கம் வந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மனநல டாக்டரே கொலைகாரர். அது அவருக்கே தெரியாதாம். எனக்கு நாற்பதாம் பக்கத்தில் தெரிந்துவிட்டது. டாக்டருக்குத்தான் நானூறு வரை ஆயிற்று.

எனக்குப் பின்னால் நான்கு வீட்டார் ஆசையோடு காத்திருந்தார்கள். பதினோராம் பக்கத்தில் டாக்டர் முதன்முதலாக வருகிறார். அவர் பெயரை வட்டமிட்டு, "இவர்தான். வீணாக அலைய வேண்டாம்" என்று ஓரத்தில் சிவப்பில் எழுதினேன். என் வழக்கமான கையெழுத்தில் இல்லை, அச்செழுத்து மாதிரி. படிக்க வசதியாக இருக்க வேண்டுமல்லவா.

அடுத்த வீட்டுச் சந்திரகலா மறுநாளே வந்தாள். "சரசக்கா, குக்கர் மூணு விசில் வர்றதுக்குள்ள கதையே முடிஞ்சி போச்சி. யாரோ எழுதி வெச்சிருக்காங்க."

எதிர்வீட்டு சுரேஷ்குமார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தான். "செவப்பு பென்சில்க்கா. நம்ம தெருவுல யார்கிட்ட இருக்குது, சொல்லுங்க."

எல்லோருக்கும் தெரியும். முனை வீட்டு ராஜேந்திரன் சார் தனியாக இருப்பவர். ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமான பென்சிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேப்பரில் வரும் பிழைகளைத் திருத்துவார். நாவலை எனக்கு முன்னால் படித்தவரும் அவர்தான். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. பிரதோஷத்துக்குத் தெரு முழுக்கச் சுண்டல் கொடுப்பவளை யார் சந்தேகப்படுவார்கள்?

அவர் கேட்டின் முன் நாங்கள் மூவரும் நின்றோம். ராஜேந்திரன் சார் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பென்சில் என்னுதுதான். ஒருத்தருக்குக் குடுத்தேன். யாருக்குன்னு ஞாபகம் இல்லப்பா."

"பேப்பர்ல ஒரு புள்ளி கம்மியானா கண்டுபிடிக்கிறீங்க. இது மட்டும் ஞாபகம் இல்லயா சார்?" என்றான் சுரேஷ்குமார்.

அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். பாவம், வயதானால் மறதி வரத்தான் செய்யும்.

அடுத்த புத்தகத்திலிருந்து அவர் வீட்டை விட்டுவிடலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். தெருவில் ஒற்றுமை முக்கியம். புத்தகத்துக்காக அல்லாமல் வேறு எதற்கும் அவர் வீட்டு மணியை யாரும் அடிப்பதில்லை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. நான்கு மாதமாக அவர் சாயங்காலம் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். காற்றுக்காக இருக்கும்.

அந்தப் பென்சிலை மளிகைச் சீட்டு எழுத என்று கேட்டு வாங்கியவள் நான்தான். வீட்டில் நான்கு பேனா இருந்தன. ஆனால் எச்சரிக்கை என்றால் சிவப்பில் இருப்பதுதான் முறை.

போன பௌர்ணமிக்கு விடியற்காலை நாலு மணிக்கே அவர் கிரிவலம் கிளம்பிப் போனார். தெருவில் ஒருவரும் இல்லை. வெறுங்காலோடு திரும்பி வருவாரே என்று அவர் வாசலில் கிடந்த ஒரு முள்ளை எடுத்து ஓரமாகப் போட்டேன். பிறகு பென்சிலின் இரண்டு முனைகளையும் நன்றாகச் சீவி, கேட்டில் தொங்கிய பால் பைக்குள் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. அவருக்கும் எனக்கும் இனி எந்தப் பாக்கியும் இல்லை.