எழுந்திரிக்கிற நேரம்

ஒரே ஒரு ஊருல ஒரே ஒரு பையன் இருந்தானாம்னு ஆரம்பிச்சா நீங்க சிரிப்பீங்க. சிரிச்சுக்கோங்க தம்பி, ஆனா அந்தப் பேனாவ மட்டும் கொஞ்சம் மூடி வைங்க. கோச் இப்பதான் பசங்கள தண்ணி குடிக்க விட்டிருக்காரு. விசில் ஊத பத்து நிமிஷம் இருக்கு. நான் சொல்ல வேண்டியத அதுக்குள்ள சொல்லியாகணும். ஊதினப்புறம் சொல்லிப் பிரயோஜனமில்ல.

நானா? நான் இங்க கோடு போடறவன். புல்லு மேல அஞ்சஞ்சு கெஜத்துக்கு வெள்ளையா ஓடுதே, எல்லாம் என் கைதான். இந்தப் படியிலயே உக்காந்துக்கறேன், முட்டி ரெண்டும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. சூரியகாந்தி விதை இருக்கு, உப்பு போட்டது. வேணாமா? சரி.

காலேஜுக்கு ஆள் பொறுக்க வந்திருக்கீங்க, ரைலனுக்குப் பத்துக்குப் பத்து போடப் போறீங்க. எட்டிப் பாக்கல, உங்க முகமே சொல்லுது. பதினஞ்சு வயசுல அந்தக் கை எவனுக்கும் வாய்க்காது. நாலு தடியனுங்க மேல பாஞ்சு வர்றப்பவும் கண்ண நகத்தாம நின்னு, நாப்பது கெஜத்துக்கு அந்தாண்ட ஓடறவன் மடியில கொண்டு போய் வைக்கிறான் பந்த. பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தற குவாட்டர்பேக்குன்னா அப்படித்தான் இருக்கணும். அதுல எனக்கு ஒரு சண்டையும் இல்ல. என் சண்டை உங்க தாள்ல இருக்கற கடைசிக் கட்டத்தோட. கீழ போகப் போக வலது பக்கமா கோடு கொஞ்சம் சாய்ஞ்சிருக்கு பாருங்க, அந்தக் கட்டம். அடி வாங்கி விழுந்தவன் எழுந்திரிக்க எத்தன நொடி. அதுக்குத்தானே கழுத்துல கடிகாரம் தொங்குது.

தப்புன்னு சொல்லல. எல்லாரும் ஏதாவது ஒண்ணப் பாக்கத்தான் செய்வாங்க. கை நல்லா இருக்கறது எவன் கண்ணுக்கும் தெரியும். உள்ள எரியுதா இல்லையான்னு பதினஞ்சு வயசுலயே எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் உங்க தொழில்ல இருக்கறவனெல்லாம் பைத்தியமா அலையறான். ஒருத்தர் வந்தாரு, பையன விட்டுட்டு அவங்கம்மா எவ்வளவு உயரம்னு பாத்தாரு. இன்னொருத்தரு வீட்டுக்கே போய் உக்காந்து மாட்டுக்கறி வாட்டினத ரெண்டு தட்டு சாப்பிட்டுட்டு, தட்ட எடுத்துக் கழுவறது யாருன்னு பாத்தாரு. பையன் கழுவினா ஒரு மார்க் கூட. போன வருஷம் வந்தவரு, வீட்டு நாய் யாரு கிட்ட ஓடிப் போகுதுன்னு பாத்தாரு. நாய் என்கிட்ட வந்துச்சு. எனக்கு ஒரு காலேஜும் இடம் குடுக்கல.

சரி, கதைக்கு வர்றேன். அந்தப் பையன் பேரு வெஸ்லி டோபின். ஊரு இதே ஊருதான். முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. அப்பா எண்ணெய்க் கிணத்துல, அம்மா ஓலீட்டா பள்ளிக்கூடச் சமையல்ல. ஒல்லியா இருப்பான், பேச்சு வெளிய வராது, ஆனா கையிலேருந்து பந்து கிளம்புனா விசில் அடிச்சுக்கிட்டே போகும். அவனப் பாக்க ஒரு ஆளு வந்தாரு. உங்கள மாதிரியே தொப்பி, ஏறக்குறைய உங்க வயசு. அந்த ஆளுக்கு ஒரு யோசனை. நல்லா எறியறவன் நூறு பேரு இருக்கான், விழுந்தப்புறம் எவன் சீக்கிரமா எழுந்திரிக்கிறானோ அவனுக்குள்ளதான் நெருப்பு இருக்குன்னு. எறியறதுக்குச் சொல்லிக் குடுக்கலாம், எழுந்திரிக்க யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல, அதனால அது பொய் சொல்லாதுன்னு நினைச்சாரு. கடிகாரத்த அமுக்கினாரு. மத்த பசங்க மூணு நொடி, நாலு நொடி, ஒருத்தன் படுத்துக்கிட்டே வானத்தப் பாத்துட்டு ஆறு நொடி. வெஸ்லி ஒண்ணரை. அடுத்த தடவ ஒண்ணு.

நல்ல யோசனைதான், இல்ல? நீங்களும் தலையாட்டறீங்க.

ஆனா பசங்க முட்டாளில்ல தம்பி. அந்த ஆளு கட்டைவிரல் எப்ப அசையுதுன்னு ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிட்டானுங்க. வெஸ்லி வீட்டுக்குப் பின்னாடி பருத்திக் காடு. சாயங்காலமானா அந்த ஓரத்துல தானே பொத்துனு விழுவான், தானே எழுந்திரிப்பான், மறுபடி விழுவான். அவங்கம்மா ஜன்னல் வழியா பாத்துட்டு, பையனுக்கு ஏதோ பிடிச்சிருச்சுன்னு பயந்தே போயிட்டாங்களாம். அவங்களே பின்னாடி சொன்னாங்க, சிரிச்சுக்கிட்டே.

ஒரு நாள் பயிற்சி முடிஞ்சதும் அந்த ஆளோட வண்டிகிட்ட வந்து நின்னான். ஹெல்மெட்ட ரெண்டு கையாலயும் வயித்தோட சேத்துப் பிடிச்சிருந்தான். சார், சில தடவ எழுந்து நிக்கறப்ப மைதானம் திரும்பியிருக்கு சார், முதுகுப் பக்கம் இருக்க வேண்டிய ஸ்கோர் பலகை எதிர்ல இருக்கு, யார்கிட்டயாவது சொல்லணுமா சார்னு கேட்டான். அந்த ஆளு, நீ முதல்ல எழுந்து நில்லு, மைதானம் தானா திரும்பிக்கும்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. பையனும் சிரிச்சான், பெரியவங்க சிரிச்சா கூடச் சிரிக்கணும்ல.

அதுக்கப்புறம் அவன் அதப் பத்தி யார்கிட்டயும் கேக்கல.

காலேஜ் எடுத்துக்கிச்சு. பத்துக்குப் பத்து, அடியில ஒரு வரி: இவன் தரையில கிடக்கறவன் இல்ல. ரெண்டாவது வருஷம், அறுபதாயிரம் பேரு பாத்துக்கிட்டிருக்காங்க, பக்கவாட்டுலேருந்து ஒருத்தன் வந்து மோதினான். வெஸ்லி ஒரே நொடியில எழுந்தான். விறுவிறுன்னு நடந்தான். நடந்து போய் எதிர் அணிக்காரனுங்க வட்டமா குனிஞ்சு நிக்கறானுங்கல்ல, அந்த வட்டத்துக்குள்ள தலையக் குடுத்து நின்னான். அடுத்து என்ன ஆடப் போறோம்னு சொல்லுங்கன்னு நிக்கறான். மைதானமே சிரிச்சுச்சு. அந்த ஆளும் மேல உக்காந்து வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. எதிர் அணிக்காரன் ஒருத்தன் தோளத் தட்டி, அந்தாண்ட போடா கண்ணுன்னு திருப்பி விட்டான். திரும்பி வந்து இன்னும் பதினோரு தடவ ஆடினான். பதினோராவதுல விழுந்தவன், அப்பவும் பாதி எழுந்தான்.

சாகல. செத்திருந்தா கதைய இப்படிச் சொல்ல மாட்டேன். அதோ, தண்ணி டாங்குக்குப் பின்னாடி பச்சக் கூரை தெரியுதே, அதான் வீடு. அம்பத்தி நாலு வயசு. ஜன்னலோரம் நாற்காலியில உக்காந்திருப்பான். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான் போவேன். ஓலீட்டாம்மாவுக்கு எண்பதாகுது, ஐஸ் டீ போட்டுத் தருவாங்க, சக்கரை அள்ளிக் கொட்டியிருக்கும். நான் கதவத் திறந்தேனா, வெஸ்லி ஒரே நொடியில எழுந்து நிப்பான். விறைப்பா. எதுக்கு எழுந்தோம்னு அவனுக்குத் தெரியாது. நான் யாருன்னும் தெரியாது. உக்காருப்பான்னு சொல்ற வரைக்கும் நிப்பான். நல்ல மரியாதை தெரிஞ்ச பிள்ளைன்னு அந்தம்மா ஒவ்வொரு வாரமும் சொல்வாங்க.

வெயிலா இருக்கா? இந்தப் பக்கம் நகந்துக்கோங்க.

இப்ப ரைலன். எறியற பையனுக்குப் பயிற்சியில சிவப்புச் சட்ட போட்டு விடுவாங்க, அவன யாரும் தொடக் கூடாதுன்னு. இன்னைக்கு அந்தச் சட்ட எங்க? காலையில கழட்டச் சொன்னாரு கோச். நீங்க வர்றீங்கல்ல, கடைசிக் கட்டத்துல எழுத உங்களுக்கு ஏதாவது வேணும்ல. உங்க மேல குத்தமில்ல, நீங்க கேக்கல. கேக்காமலே குடுப்பாங்க.

மூணாவது அடி ஞாபகம் இருக்கா? அந்தக் கொழுத்த பையன் வந்து மடிச்சுப் போட்டானே. எழுந்திரிக்க ஒரு நொடி, சரிதானே? நீங்க கடிகாரத்தப் பாத்தீங்க, உங்க மூஞ்சி மலர்ந்துச்சு. நான் அவன் காலப் பாத்தேன். எழுந்தவன் வெள்ளச் சட்டக்காரனுங்க பக்கமா நாலு எட்டு வச்சான். இவன் நீலச் சட்ட. ஒரு சிநேகிதன் சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தான், ரெண்டு பேரும் சிரிச்சானுங்க. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அதுக்கப்புறம் ரெண்டு பந்து அருமையா எறிஞ்சானேங்கறீங்க. எறிவான். கைக்குத் தலை வேண்டாம், அது பாட்டுக்கு எறியும். வெஸ்லி அந்தப் பதினொண்ணுல ஏழு சரியா எறிஞ்சான்.

தலையில அடி பட்டிருக்கான்னு பரிசோதனை பண்ற பொண்ணு வாரத்துல ரெண்டு நாள்தான் வருவா, இன்னைக்கு வேற பள்ளிக்கூடம். இருந்தாலும் என்ன? அவ கேக்கற கேள்வியெல்லாம் இவனுங்களுக்கு மனப்பாடம். ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி, ஜூலையில முதல் தடவ கேக்கறப்பவே வேணும்னே தப்புத் தப்பா சொல்லி வைப்பானுங்க, பின்னாடி நிஜமாவே குழம்பினா வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு. அவ்வளவு ஆச தம்பி. உள்ள எரியுதான்னு தேடிக்கிட்டு வர்றீங்களே, எரியுது. நல்லாவே எரியுது.

நானே போய்ச் சொல்லலாம்தான். போன வருஷம் நாலு தடவ சொன்னேன். நாலாவது தடவ கோச் என்ன சொன்னாருன்னா, கோடு போடறது உன் வேல, கோட்டுக்கு உள்ள வராத, அடுத்த தடவ வந்தா அந்தக் கோடு போடற வண்டியும் உனக்கில்லன்னாரு. பசங்க எனக்குச் சாவுக் காக்கான்னு பேரு வச்சிருக்கானுங்க. நல்ல பேருதான். ஆனா உங்க சட்டையில காலேஜ் பேரு இருக்கு. நீங்க பக்கத்துல போய், இவனுக்கு இன்னைக்கு இது போதும்னு ஒரு வார்த்த சொன்னா அந்தக் கோச் தொப்பியக் கழட்டிட்டுக் கேப்பாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவும் பேசறேன்.

யோசிக்கிறீங்க. கட்டக்கடைசிக் கட்டம் மேலிடத்துல போட்ட சட்டம், முப்பது வருஷமா எல்லாரும் நிரப்பறாங்க, பெரிய ஆளுங்க யாரோ ஆராய்ஞ்சு வச்சிருப்பாங்கன்னு. ஆமா, ஆமா.

என்ன கேட்டீங்க?

அந்த ஆளும் பையனும் மட்டும்தானே வண்டிகிட்ட நின்னாங்க, அவங்க பேசினது எனக்கு எப்படித் தெரியும்னா?

அதுவா. உங்க தாள்ல அந்தக் கோடு ஏன் சாய்ஞ்சிருக்குன்னு யாரும் கேக்கறதில்ல பாருங்க. தாள என் வண்டியோட முன்பக்க மூடி மேல வச்சு ஸ்கேல் பிடிச்சுப் போட்டது. மூடி வளைவு, ஸ்கேல் வழுக்கிடுச்சு. அப்புறம் அந்தத் தாள ஒருத்தன் நகல் எடுத்தான், அந்த நகல இன்னொருத்தன் நகல் எடுத்தான், எட்டு மாநிலத்துக்குப் போயிருச்சு, ஒருத்தனும் கோட்ட நிமித்தல. அதோ அந்த வெள்ள வண்டிதான், கம்பி வேலி ஓரமா நிக்குதே. இன்னும் ஓடுது. அதுக்கப்புறம் நான் நேராத்தான் கோடு போடறேன், நூல் கட்டிப் போடறேன், நீங்களே பாக்கறீங்கல்ல.

ஓலீட்டாம்மாவுக்குத் தெரியாது. ஐஸ் டீ குடுக்கறாங்களே, எப்படிச் சொல்றது.

அங்க பாருங்க, தண்ணி டிரம் பக்கம். ரைலன் ஏழாம் நம்பர். பெஞ்சியிலேருந்து அவன் எடுத்த ஹெல்மெட்ட பாருங்க. என்ன நம்பர்? இருபத்தி நாலு. இப்ப தலையில மாட்டப் பாக்கறான், இறங்க மாட்டேங்குது, எதனாலன்னு புரியாம மறுபடி மாட்டறான். கோச் விசில வாய்கிட்ட கொண்டு போயிட்டாரு.

எழுந்துட்டீங்களா. நல்லது. அந்தக் கடிகாரத்தக் கழட்டி இங்க வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். இந்தப் படி ஆடும், பாத்து இறங்குங்க. கோட்டத் தாண்டியே போங்க, உங்கள யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

ஓடாதீங்க தம்பி. நீங்க ஓடி வர்றதப் பாத்தான்னா, தனக்கு ஒண்ணுமில்லன்னு காட்ட இன்னும் சீக்கிரமா எழுந்து நிப்பான். நடந்தே போங்க.