மாப்பிள்ளையின் கட்டம்

எனக்கு எதுவும் சிதறிக் கிடந்தால் பிடிக்காது. உங்கள் மேசையில் பேனா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் கிடக்கிறது. கண்ணில் பட்டதால் சொன்னேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் எங்கள் நிறுவனத்தில் யார் எங்கே போக வேண்டும் என்று அனுப்புவது என் வேலை. எனக்கு நிரல் எழுதத் தெரியாது. கட்டங்களை இழுத்துப் போட்டு ஒன்றோடொன்று கோத்துவிட்டால் தானே ஓடும் செயலிகள் இருக்கின்றன. அதில் ஒன்றை வைத்து முதலில் அலுவலகத்தை ஒழுங்குபடுத்தினேன். பிறகு வீட்டை. காஸ் எப்போது தீரும், பிள்ளைகளுக்கு என்றைக்குத் தேர்வு, காலையில் யார் முதலில் குளிப்பது, எல்லாம் அவரவர் போனில் வந்துவிடும். முடித்தவர் தன் கட்டத்தை அமுக்கினால் போதும், பச்சையாகிவிடும்.

மாடியில் குடியிருந்த தங்கையின் கணவர் மட்டும் அமுக்க மாட்டார். அவரை எங்கள் நிறுவனத்தில் மெக்கானிக்காகச் சேர்த்துவிட்டதே நான்தான். ஒருநாள் எல்லோரும் சாப்பிடும்போது தட்டை நீட்டினார்.

"அக்கா, இன்னொரு கரண்டி சோறு கிடைக்குமா? இல்ல, மச்சான் அதுக்கும் கட்டம் வெச்சிருக்காரா?"

என் மனைவி புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அதை நான் எந்த அட்டவணையிலும் ஏற்றவில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

வேலையிடத்தில் ஒரு விதி வைத்திருந்தேன். லிஃப்ட் குழிக்குள் இறங்குபவர் தன் கட்டத்தைச் சிவப்பாக்க வேண்டும். அது பச்சையாக இருந்தால்தான் மொட்டைமாடி அறையில் இருக்கும் உதவியாளர் மின்சாரம் போட்டு லிஃப்டை ஓட்டலாம். முன்பெல்லாம் படியிறங்கி வந்து, குழிக்குள் ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போடுவார்கள். வீண் அலைச்சல் என்று நான்தான் நிறுத்தினேன்.

மாப்பிள்ளை அதற்கும் என்னையே போனில் கூப்பிடுவார்.

"மச்சான், இறங்குறேன். நீங்களே சிவப்பாக்கிடுங்க. உசுரோட இருக்கேன்னு சொல்றதுக்கெல்லாம் என்னால பட்டன் அமுக்க முடியாது."

நானும் மாற்றிக்கொண்டுதான் இருந்தேன். அவரவர் கட்டத்தை அவரவர்தான் நிரப்ப வேண்டும் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை.

அன்றும் கூப்பிட்டார். "சரி மாப்ளே" என்றேன். மாற்றவில்லை.

சற்று நேரத்தில் உதவியாளர் பேசினார்.

"சார், பச்சைன்னு காட்டுது. ஆனா அண்ணன் மேல வந்த மாதிரி தெரியல. எதுக்கும் கீழ போய் ஒரு குரல் குடுத்துட்டு வந்துடவா?"

"போன்ல என்ன காட்டுது?"

"பச்சைதான் சார்."

"அப்புறம் என்ன?"

அவர்மேல் வழக்குப் போடாதீர்கள். சொன்னபடி செய்கிற மனிதர். மாப்பிள்ளை எங்கே நிற்கிறார் என்பது எனக்குத்தான் தெரியும். அவருடைய கட்டம் என் திரையில் திறந்தே இருந்தது. விரலை வைத்திருந்தால் மாறியிருக்கும். வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. அட்டவணையில் பிழை இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நான் செய்த தவறு வேறு. வீட்டுக்குச் செய்தி போய்ச் சேர்வதற்கு முன்பே, வீட்டு அட்டவணையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டேன். இனி நிரம்பாத கட்டம் என்று தெரிந்த பிறகு எனக்குக் கை சும்மா இருக்காது. அதைத் தங்கை தன் போனில் பார்த்திருக்கிறாள். அதனால்தான் உங்களிடம் வந்தாள்.

அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. அன்றிலிருந்து அவளும் எதையும் அமுக்குவதில்லை. துக்கத்தில் இருப்பவளை வற்புறுத்தக் கூடாதல்லவா. இன்று காலைகூட அவளுடைய கட்டங்களையெல்லாம் நானே பச்சையாக்கிவிட்டுத்தான் வந்தேன்.