சாலையைத் தாண்டிய கரும்பு எஞ்சின்

பெயர் ஜியா பொலெட்டி. வயது பதினாறு. தகப்பனார் பெயர் ரென்சோ. 14, மில் ரோடு, கல்லன் கிரீக், குவீன்ஸ்லாந்து. பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு, வாழைக்காய்ப் பெட்டி கட்டும் கொட்டகையில் வேலை செய்கிறேன். என் தாயார் அருகில் இருக்க இதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமைகளில் சின்ன ரயில் சங்கத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்வேன். கரும்பு ஆலை கைவிட்ட பாதையையும் அதில் நின்ற சிறிய எஞ்சினையும் எங்களுக்குக் கொடுத்தார்கள். நேற்று மாலை ஐந்து மணிக்குள் நெடுஞ்சாலையைத் தாண்டி எங்கள் பக்கம் வராத இரும்பெல்லாம் பழைய இரும்புக்காரருக்கு என்பது பேச்சு. சாலையில் வேலை செய்யக் காலை எட்டு முதல் ஒன்பது வரையே அனுமதி இருந்தபடியால், முதலில் சாலையில் பதிந்திருந்த தண்டவாளத்தைப் பெயர்த்துக் குழியை மூடினோம். அதன் பிறகு அங்கிருந்து ஆலைப் பக்கமாகக் கழற்றிக்கொண்டே போனோம். எஞ்சின் இன்னும் ஆலைப் பக்கமே நிற்பதைப் பத்து மணித் தேநீரின்போது பார்த்தேன். ஆறு பேர் முன்னால் பேசக் கூச்சப்பட்டுச் சொல்லவில்லை.

மதியம் எங்கள் தலைவர் நெவ் ஹாரிகன் எஞ்சினைக் கிளப்பினார். சாலை வரை நூறு மீட்டருக்குப் பாதையே இல்லை.

நேரம் தவறாமல் எங்களுக்குத் தேநீர் கொண்டுவரும் டாட் அம்மாள், "ஏன் நெவ், அது பறந்துரும்னு நெனச்சியா?" என்று கேட்டார். நெவ் தொப்பியைக் கழற்றி அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான், எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் பாதையை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே போகலாம் என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"பொலெட்டி பொண்ணுக்குப் பேச்சு வருதுப்பா. கேளுங்க" என்றார் நெவ்.

தண்டவாளங்கள் இரும்புக் கட்டைகளோடு ஏணிபோல் சேர்ந்த துண்டுகள். பின்னாலிருந்து ஒன்றைத் தூக்கி முன்னால் வைப்போம், எஞ்சின் அவ்வளவு தூரம் நகரும், அதன் பிறகு மறுபடி தூக்குவோம். எட்டுப் பேர் தூக்கவேண்டியதை டாட் அம்மாள் உட்பட ஏழு பேர் தூக்கினோம். விழுந்து விழுந்து சிரித்ததில் இரண்டு முறை கீழே வைத்தோம்.

நாலே முக்காலுக்குச் சாலையை அடைந்தோம். அனுமதியில்லாமல் வண்டிகளை நிறுத்தித் தாரின் மேல் துண்டுகளை வைத்தோம் என்பது உண்மை. வரிசையில் ஒரு போலீஸ் காரும் நின்றது. யோசனை தன்னுடையது என்று நெவ் அப்போது போலீஸிடம் சொன்னது பொய். என்னுடையது. வழக்கு என்றால் என் மேல்தான் போடவேண்டும்.

கடைசித் துண்டை எங்களால் தூக்க முடியவில்லை. அதன் பிறகு எட்டாவது ஆள் ஒருவர் வந்து முன் இடது மூலையைப் பிடித்தார். "சீக்கிரம், நாலு நிமிஷந்தான் இருக்கு" என்றார். ஐந்து அடிக்க ஒரு நிமிடம் இருக்கையில் எஞ்சின் சாலையைத் தாண்டியது. வரிசையில் நின்ற வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்தன. கோபத்தில் அல்ல.

எட்டாவது ஆள் யார் என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் போலீஸ் காரிலிருந்து இறங்கி வந்த, இதை எழுதிக்கொண்டிருக்கும் கான்ஸ்டபிள் டாய்ல்தான். அதை எழுதாமல் விட்டுவிடலாமே என்றார் அவர். எழுதச் சொன்னேன்.

வாசித்துக் காட்டினார். கூட்டாமல் குறைக்காமல் நான் சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) ஜியா பொலெட்டி