பெட்ரோல் மூடியில் உளிக்காயம்

தாண்டவராயன், வயது 27, த/பெ தேசப்பன், மாமல்லபுரம், மோட்டார் மெக்கானிக், 27-10-1974 காலை 11 மணிக்குத் தானாகவே நிலையத்துக்கு வந்து சொல்ல, பதிவு செய்தது:

மேற்படி ஊரில் குடியிருக்கிறேன். ராமானுஜம் அவர்களின் லாட்ஜை ஒட்டி எனக்குப் பட்டறை. லாட்ஜ் காரை ஓட்டும் கங்காதரனை நான்கு வருடமாகத் தெரியும். அங்கே அறை பெருக்கும் கல்யாணி என் மாமன் மகள். அவளை எனக்குக் கட்டுவதாக வீட்டில் பேச்சு. அவளிடம் நான் கேட்டதில்லை.

ஆயுதபூசைக்கு மறுநாள் பகல் இரண்டு மணிக்குக் கங்காதரன் காரைக் கொண்டுவந்தான். பெட்ரோல் டேங்கின் வாயை மூடும் சின்னக் கதவு திறக்கவில்லை, சாவி பாதிதான் போகிறது என்றான். உப்புக்காற்றில் பூட்டு துருப்பிடித்திருக்கும் என்று மண்ணெண்ணெய் விட்டேன். பயனில்லை. அதன் பிறகு கதவைச் சுற்றித் தட்டிப் பார்த்தேன். தகடு எங்கும் பிடித்திருக்கவில்லை. அதன் பிறகு சாவியை உருவி வெயிலில் பார்த்தேன். நுனியில் மஞ்சளாக ஒட்டியிருந்தது. சந்தனம். பூட்டுத் துளைக்குள் கட்டை விரலால் அழுத்தி வைத்தது, காய்ந்து இறுகியிருந்தது.

"இன்னாடா இது?" என்றேன்.

"கல்யாணி வேலைதான் மச்சான். பெட்ரோலு வெல ஏறிக்கினே போது, 'உன் டேங்கு வத்தக் கூடாது'ன்னு சொல்லி பூசையில மொதப் பொட்டே அங்கதான் வெச்சா. உனக்கு வெக்கலியா?" என்று சிரித்தான்.

எனக்கும் வைத்தாள். ஸ்பானர் பெட்டியில், மோதிர விரலால், தொட்டும் தொடாமலும்.

வெந்நீர் விட்டால் சந்தனம் கரைந்துவிடும். தெரியும். கங்காதரனை டீ வாங்க அனுப்பினேன். அதன் பிறகு உளியை வைத்து மூன்று அடி அடித்தேன். கதவு பெயர்ந்தது. அவன் வந்து பார்த்து, "மொதலாளி என்னிய கொன்னுடுவாரு" என்றான். வேறு வழியில்லை என்றேன்.

நேற்று முதலாளி ராமானுஜம் என்னிடம் வந்து விசாரித்தார். வண்டி வந்தபோதே உடைந்துதான் இருந்தது என்று சொன்னேன். அதன் பிறகு அவர், பெட்ரோல் திருடுவதற்காகக் கங்காதரன் உடைத்தான் என்று புகார் கொடுத்தார். அவனை அழைத்துப் போனார்கள். நான் பட்டறை வாசலில் நின்று பார்த்தேன்.

இன்று காலை கல்யாணி வந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. "மாமா, வண்டி உன் பட்டறைக்கு வந்தப்ப நான் மாடில துணி காயப்போட்டுகினு இருந்தேன். மூடி நல்லாத்தான் இருந்துது."

"அப்ப நீயே போய் சொல்லேன்."

"நான் சொன்னா அவனுக்காகச் சொல்றேன்னுவாங்க. நீ சொல்லு."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை.

உடைத்தது நான். பொய் சொன்னதும் நான். கங்காதரனை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இதைக் கல்யாணிக்காகச் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதச் சொன்னேன், எழுதினார்கள். படித்துக் காட்டியபோது அந்த வரியை அடிக்கச் சொன்னேன்.

முழுவதும் படிக்கக் கேட்டேன். நடந்தது நடந்தபடியே உள்ளது. அடித்த வரியின் பக்கத்திலும், இதன் கீழும் ஒப்பமிட்டேன்.

(ஒப்பம்) தே. தாண்டவராயன்
என் முன்பாக: சப்-இன்ஸ்பெக்டர்