சோதனைக்கு ஒரு பை ரத்தம்

மாத்தே டீக் குடுவைய இந்தப் பக்கம் தள்ளு. கரண்ட் வர்ற வரைக்கும் ஒண்ணு சொல்றேன். நம்ம ஒஸ்வால்தோவோட மச்சான் தெர்லிஸுக்கு நடந்தது. அவனும் நம்மள மாதிரி கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவன்தான்.

ராத்திரி இல்ல. மத்தியானம் ரெண்டு மணி. நம்ம சாக்கோ மாகாணத்து ரோடு... ஊரே கதவச் சாத்திட்டுத் தூங்குற நேரம். அந்த வெயில்ல ரோட்டுல எவன் இருப்பான்? தெர்லிஸ் மட்டும் மோட்டார் சைக்கிள்ல போறான். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில இருந்து அவனுக்குப் போன். பிரசவ வார்டு கம்ப்யூட்டரும் ரத்த வங்கி கம்ப்யூட்டரும் காலையில இருந்து பேசிக்கல. வார்டு ரத்தம் கேட்டு அனுப்பினா, வங்கியில சீட்டு வரும். சீட்டு நம்பரப் போட்டாத்தான் ஃபிரிட்ஜ் பூட்டே தொறக்கும். உள்ள நிமியான்னு ஒரு பொண்ணு. பிள்ள பெத்து, ரத்தம் நிக்கல.

தெர்லிஸ் வயரப் பார்த்தான். சரியா இருக்கு. ரெண்டையும் அணைச்சுப் போட்டான். அதுவும் சரி. அனுப்பிட்டேன்னுது வார்டு. வரவே இல்லன்னுது வங்கி. ரெண்டுல ஒண்ணு புளுகுது...

"அக்கா, நீங்க எதையாவது தொட்டீங்களா?"

வங்கியில இருந்த பிளாசிதாவுக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. "ஏன், ரத்தத்த வித்துட்டேன்னே சொல்லேன்! உன் வேலைய நீ பாரு தம்பி."

அப்புறம்தான் அந்தத் தப்பு. சிரிக்காதீங்க, நாமளும் பண்றதுதான். சோதனைக்கு ஒரு நோயாளி வேணும். பொய் அடையாள நம்பர் போட்டா வாங்காது. உயிரோட இருக்கறவன் நம்பர் போட்டா வம்பு. அதனால செத்துப்போன நம்ம ஆள் யாராவது... தெர்லிஸ் அவங்க அப்பா நம்பரப் போட்டான். கிரெசென்சியோ. ஒரு பை.

கிர்ர்ர்... சீட்டு வந்துச்சு. ‘கொடுத்தாச்சு.’

அட, பேசிடுச்சே! துள்ளிக்கிட்டு நிமியா பேர அனுப்பினான். ‘இருப்பு இல்லை.’

"அந்த ரத்த வகையில ஒரே ஒரு பை இருந்துச்சுடா! காலையில நான்தான் வச்சேன்!" பிளாசிதா மொதல் சீட்டு நம்பரப் போட்டு ஃபிரிட்ஜத் தொறந்தா. பை இருக்கு. சீல் பிரிக்கல. உள்ள ஒரு சொட்டு இல்ல. துருப்பிடிச்ச இரும்பு வாடை மட்டும்...

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திருடனப் பார்க்கற மாதிரி பார்த்தாங்க. அப்புறம் அவ சீட்டுல இருந்த பேரப் படிச்சா.

"இவர் உனக்கு யாரு?"

"எங்க அப்பா. லாரி இடிச்சு ரோட்டுலயே போயிட்டார். நான் அப்ப பியூனஸ் அய்ரஸ்ல இருந்தேன்."

"ரோட்டுல இல்லப்பா... இங்கதான். ரத்தம், ரத்தம்னு கேட்டுக்கிட்டே போனார். எங்கிட்ட இல்ல அன்னிக்கு."

நிமியா பொழைச்சுட்டா, இப்பவே சொல்லிடறேன். ஆம்புலன்ஸ்ல அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்க் காப்பாத்தினாங்க. ஆனா வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும்னாங்க. அதுவரைக்கும் தாங்கணுமேன்னு தெர்லிஸ் சட்டைக் கைய மடிச்சு விட்டான். அவங்க அப்பாவுக்கும் நிமியாவுக்கும் உள்ள அதே ரத்த வகைதான் அவனுக்கும்.

ஊசி குத்தினா பிளாசிதா. ட்யூப்ல செகப்பா ஓடுது. அஞ்சு நிமிஷம்... பத்து நிமிஷம்... தெர்லிஸுக்குக் கண்ணு இருட்டுது, உதடு வெளுக்குது. போதும்னு அவ குனிஞ்சு பைய எடுத்தா.

தட்டையா, காலியா இருக்கு.

ட்யூப்ல மட்டும்... இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு.