மாப்பிள்ளை மூடிய போர்ட்

இந்த ஊரில் மக்கள் அதிகம் தொலைப்பது குடையைத்தான். அடுத்தது சாவிக்கொத்து, அதற்கும் அடுத்துதான் பூனை. பிரின்டர் பழுதுபார்க்கிறவனுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தொலைந்ததையும் கிடைத்ததையும் ஊரார் எழுதிவைக்க ஓர் இணையப் பக்கத்தை என் வீட்டிலிருந்தே நடத்தி வந்தேன். செருப்பு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுதான் சர்வர். எனக்கு மனைவி மக்கள் இல்லை. "குடை கிடைத்துவிட்டது, நன்றி" என்று யாராவது எழுதினால் அன்றைய சாப்பாடு ருசிக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் சர்வர் வைப்பதில் ஒரு தொல்லை உண்டு. இணைய நிறுவனம் வீட்டு இணைப்பிலிருந்து நம்மை வெளியே போக விடும். வெளியிலிருந்து யாரையும் உள்ளே வர விடாது. உள்ளே வரும் வாசலுக்குப் போர்ட் என்று பெயர். அதை அடைத்தே வைத்திருப்பார்கள். என் தங்கையின் கணவருக்கு அந்த நிறுவனத்தில்தான் வேலை.

"மச்சான், உங்க லைனுக்கு மட்டும் நான் திறந்து விடுறேன். இதுகூடச் செய்யலைன்னா அப்புறம் நான் என்ன மாப்பிள்ளை?" என்றார். திறந்தும் விட்டார். நான் நன்றி மறக்கிறவன் இல்லை.

கைம்மாறாக ஒன்று செய்தேன். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டு, ஆக்சிஜன் மெஷினோடு பின்னறையில் படுத்திருந்தார். மெஷின் நின்றால் யாராவது ஓடிப்போய்ப் பக்கத்திலிருக்கும் சிலிண்டரை மாட்ட வேண்டும். அதனால் தங்கை வீட்டைவிட்டு நகர முடியாமல் கிடந்தாள். சிம் கார்டும் பேட்டரியும் வைத்து ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தேன். மெஷின் நின்றால் பெட்டி என் சர்வருக்குத் தகவல் அனுப்பும். சர்வர் உடனே தங்கையின் போனையும் மாப்பிள்ளையின் போனையும் அலற வைக்கும். தினமும் காலையில் 'எல்லாம் சரி' என்று இருவருக்கும் ஒரு மெசேஜும் போகும். அதன் பிறகுதான் தங்கை தெருமுனையில் இருக்கும் தையல் கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தாள். "வாய்யா, என் மூச்சுக்குக் காவல்காரா" என்பார் மாமா, என்னைப் பார்த்தால். நல்ல மனிதர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது.

ஒருநாள் என் பக்கம் யாருக்கும் திறக்கவில்லை. கம்ப்யூட்டர்தான் மக்கர் செய்கிறது என்று அதைக் கழற்றித் தூசு தட்டினேன். பிறகு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். "உங்க போர்ட்டை மூடச் சொல்லி எங்க ஏரியா மேனேஜரே போட்டிருக்கார் சார்" என்றாள் போனை எடுத்த பெண். ஏரியா மேனேஜர் என்றால் மாப்பிள்ளை. அந்தப் பதவி வந்தபோது முதல் ஆளாகப் போய்க் கைகொடுத்தவன் நான்.

நேரே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டிலிருந்து நிமிரவில்லை.

"கம்பெனி ரூல் மச்சான். நானே மேனேஜரா இருந்துக்கிட்டு நம்ம ஆளுக்கு மட்டும் திறந்து வச்சா கேள்வி வரும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை."

"சொல்லணும்னுதான் இருந்தேன். விடுங்க, நாலு குடைக்காக நான் வேலைய விட முடியுமா?"

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெளியாள் செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மறந்திருப்பேன். நம்பிய இடத்தில் கழுத்தறுத்தால் எப்படி வலிக்கும் என்பது பட்டவனுக்குத்தான் தெரியும்.

என் பக்கத்தை மறுநாளே மீட்டுவிட்டேன். அது பெரிய வித்தையில்லை. வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, என் கம்ப்யூட்டரிலிருந்து அதற்கு ஓர் இணைப்பை நானே போட்டுக்கொண்டேன். வருகிறவர்கள் அங்கே வந்து, அந்த வழியாக என் வீட்டுக்குள் நுழைந்தார்கள்.

மாமாவின் பெட்டி மட்டும் பழைய போர்ட்டையே தட்டிக்கொண்டிருந்தது. அதில் புது முகவரியைப் போடுவது ஒரு தேநீர் ஆறுவதற்குள் முடிகிற வேலை. நான் போடவில்லை. அந்தப் போர்ட் வழியாகத் தன் அப்பாவின் தகவலும் வருகிறது என்பது ஏரியா மேனேஜருக்குத் தோன்ற வேண்டாமா? தானாகத் தோன்றட்டும், வந்து கேட்கட்டும், செய்து தருவோம் என்று இருந்தேன். பெட்டியிலிருந்து ஆபத்துத் தகவல் வராதவரை எல்லாம் சரி என்றே எடுத்துக்கொள்ளும் சர்வர், காலை மெசேஜை வழக்கம்போல அனுப்பியது. வெளியே போவதற்குத்தான் தடையே இல்லையே.

தங்கை மட்டும் ஒருமுறை கேட்டாள். "அண்ணே, நெட்ல அவரு ஏதோ மாத்திட்டாரே. மாமா பெட்டி ஓடுதுல்ல?"

"காலையில மெசேஜ் வருதா?"

"வருது."

"அப்புறம் என்ன?"

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

அன்று மதியம் அவர்கள் வீட்டில் ஃபியூஸ் போய் மெஷின் நின்றது. பெட்டி என் சர்வரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறது. பதில் இல்லாவிட்டால் கோளாறு என் பக்கம் என்று பொருள். அதனால் என் போனுக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி வரும்படி செய்திருந்தேன். வந்தது. யாரோ பேருந்தில் விட்டுப்போன நீலக் குடையின் படத்தைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். படித்தேன். தங்கையின் கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவள் ஓடியிருப்பாள். மாப்பிள்ளை கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். "மச்சான், அந்தப் போர்ட்டை மூடினது தப்புதான்" என்று அவர் வாயால் ஒருமுறை கேட்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவர் கூப்பிடவில்லை. மாமா கைமணியை அடித்தபடியே இருந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னார். பூனைக்குக் கட்டிய மணி என்று நினைத்துக்கொண்டாராம்.

ஆமாம், தெரிந்தேதான் இருந்தேன். மாமாவைக் கொன்றது நான்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டால் நான் மறுக்கப்போவதில்லை.

நேற்று தங்கை இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "உனக்குத் தெரியுமா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன். திரும்பிப் போய்விட்டாள். மாப்பிள்ளை வெளியிலிருந்து வந்தவர், போகட்டும். கூடப் பிறந்தவளும் இப்படி என்னைக் கைவிடுவாள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.