சோப்புத் தண்ணியில் ஏறிய கிரிப்பு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், என் பின்சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"தேங்காண்ணெய தலைக்கு வெச்சா போதாதா, சைக்கிளுக்கும் வெக்கணுமான்னு எங்க வூட்டுக்காரரக் கேட்டேன்க்கா."

"சைக்கிளுக்கு எதுக்குடி எண்ணெ?"

"என் கியர் சைக்கிளுக்கு வேர்வையில வழுக்காத மாதிரி சொரசொரப்பா ஹேண்டில்பார் கிரிப்பு வாங்கியாந்தேன். டைட்டா இருக்குது, எண்ணெ தடவினா ஏறும்னு அவருதான் மாட்டி வுட்டாரு. மறுநாள் வேலைக்குப் போய்க்கினு இருக்கேன், பாலத்து ஏத்தத்துல வலது கிரிப்பு கையோட வந்துடுச்சு."

"அய்யோ! வுழுந்துட்டியா?"

"நானா வுழுவேன்? எடது கையால பிரேக்கப் புடிச்சு, காலு ஊனி நின்னுட்டேன். சாயங்காலம் ரெண்டு கிரிப்பையும் உருவி, எண்ணெ போகத் தொடச்சு, சோப்புத் தண்ணி தடவி நானே ஏத்தினேன். தண்ணி காஞ்சதும் கெட்டியா புடிச்சுக்கிச்சு. இப்ப நீயே புடிச்சுத் தொங்கினாலும் வராது."

"அவரு என்ன சொன்னாரு?"

"அத ஏன்க்கா கேக்குற." குரலில் சிரிப்பு ஏறியது. "இன்னைக்குக் காலையில பாத்தா, அவரு சைக்கிளு என் சைக்கிள் பக்கத்துல நிக்குது. சீட்டு மேல புது கிரிப்பு ரெண்டு, நான் மாட்டி வெக்கறதுக்கு. மனுஷன் பஸ்ஸப் புடிச்சுப் போயிட்டாரு."